மனசுக்கு எத்தனை சதவிகிதம்?

தி.நகர் ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. எள் போட்டால் எள் விழாத கூட்டம். அந்த நெரிசலில் ஒருவர் இரண்டு பக்கமும் ஊன்றுகோலோடு வருகிறார். கூட்டம் தானாக விலகி வழி விடுகிறது. "பாத்துப் போங்க சார்" என்று ஒரு கை நீளுகிறது. அவருக்குப் பின்னால் இன்னொருவர். கை, கால் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால், தனக்குத்தானே பேசிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு வருகிறார். இவருக்கும் கூட்டம் விலகி வழி விடுகிறது. ஆனால், ஒரு கைகூட நீளாது!

ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்முடைய சட்டமும் ரொம்ப காலம் இப்படித்தான் நடந்துகொண்டது. காலை இழந்தவர் 'ஊனமுற்றவர்'. மனசு சிதைந்தவர்? அவர் வெறும் 'பைத்தியம்'. முன்னவருக்கு உதவி உண்டு. பின்னவருக்குப் பூட்டு உண்டு. அவ்வளவுதான்!

அந்தப் பூட்டு எப்படிக் கழன்றது, அதற்குப் பதிலாக ஒரு சான்றிதழ் எப்படி வந்தது, அதை வாங்குவதற்குள் ஏன் குடும்பங்களுக்கு நாக்குத் தள்ளுகிறது... இந்தக் கதையின் பெரும் பகுதி நம்ம சென்னையிலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் ஒரு வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொள்வோம். 'சைக்கோஸிஸ்'. சினிமா புண்ணியத்தில் 'சைக்கோ' என்றாலே நமக்குக் கத்தியோடு அலையும் கொலைகாரன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். மருத்துவத்தில் அந்த வார்த்தைக்கும் கத்திக்கும் சம்பந்தமே கிடையாது. 1841-ல் கான்ஸ்டாட் என்ற ஜெர்மன் டாக்டர் அச்சில் பயன்படுத்திய சொல் அது. நான்கு வருஷம் கழித்து, வியன்னாவைச் சேர்ந்த ஃபாய்க்டர்ஸ்லேபன் (ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு சபாஷ்!) அதைப் பிரபலப்படுத்தினார். நிஜம் எது, நிஜமில்லாதது எது என்று பிரித்துப் பார்க்கும் திறமை குலைந்துபோகும் நிலை - அதுதான் சைக்கோஸிஸ்.

இது ஒரு தனி நோயின் பெயர் அல்ல என்பதையும் கவனியுங்கள். காய்ச்சல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மலேரியாவிலும் காய்ச்சல் வரும், டைஃபாய்டிலும் வரும் இல்லையா? அப்படித்தான். 'ஸ்கிஸோஃப்ரினியா' எனப்படும் மனச்சிதைவில் இது வரும். உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் 'பைபோலார்' நோயில் வரலாம். கடுமையான மனச்சோர்வில் வரலாம். பிரசவம் ஆன சில நாட்களில் சில தாய்மார்களுக்கு வரலாம். கஞ்சா போன்ற போதைப் பொருட்களாலும் வரலாம்.

வந்தால் என்ன ஆகும்? யாருமில்லாத அறையில் குரல் கேட்கும். 'பக்கத்து ஃப்ளாட்காரர் என் மண்டைக்குள்ளிருக்கும் யோசனைகளைத் திருடுகிறார்' என்கிற மாதிரி ஒரு நம்பிக்கை வேர்விடும். பிரம்மாவே வந்தாலும் அதை அசைக்க முடியாது. பேச்சு கோவையாக வராது.

இந்தக் குரல் விஷயத்தில் ஒரு விசித்திரம். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியல் ஆய்வாளரும் சென்னை மனநல டாக்டர்கள் சிலரும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. சென்னையில் 20 பேர், ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் 20 பேர், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 20 பேர். எல்லோருமே குரல் கேட்கும் நோயாளிகள். 'உங்களுக்குக் கேட்கும் குரல் என்ன சொல்கிறது?' என்று விசாரித்தார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டது பெரும்பாலும் வன்முறை. 'வெட்டு, குத்து' ரகம். கானாக்காரர்களில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னைக்காரர்களுக்கு? பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்! வேலை ஏவுவது, திட்டுவது, புத்தி சொல்வது... மூளை தடம் புரண்டாலும் நம்ம ஊரில் குடும்பம் விடுவதில்லை, பாருங்கள்!

ஆனால், ஒருவர் வாழ்க்கையை முடக்கிப்போடுவது இந்தக் குரல்கள் மட்டுமல்ல. குரலை மாத்திரைகள் பெரும்பாலும் அடக்கிவிடும். சத்தமில்லாமல் வரும் இன்னொரு பாதி இருக்கிறது. எழுந்து பல் தேய்க்கத் தோன்றாது. நாலு பேரோடு பேசத் தோன்றாது. முகத்தில் சிரிப்போ அழுகையோ வராது. எடுத்த வேலையை முடிக்க முடியாது. எம்.காம். படித்த பிள்ளை நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். வீட்டில் இதற்கு வைக்கும் பெயர், 'சோம்பேறி', 'தண்டச்சோறு'. டாக்டர்களுக்கோ இதுவும் நோயின் முகம்தான். குரலைவிட இதற்கு மருந்து பிடிபடுவது கஷ்டம். வேலையைப் பறிப்பதும் பெரும்பாலும் இதுதான்.

சரி, இப்போது சரித்திரத்துக்குப் போவோம்.

1794. புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து கிழக்கிந்திய கம்பெனி ஆட்சி நடத்திக்கொண்டிருந்த காலம். வாலன்டைன் கானலி என்ற ஆங்கிலேய சர்ஜன், புரசைவாக்கம் பக்கம் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி ஆரம்பித்தார். தென்னிந்தியாவில் இந்த மாதிரி நிறுவனத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி. கம்பெனி பணம் கட்டும், டாக்டர் நடத்துவார். பிற்பாடு கை மாறி டால்டன் என்ற டாக்டரிடம் போனபோது, அதன் பெயரே 'டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' ஆகிவிட்டது! மனசு சிதைந்தவருக்காக அரசாங்கம் அன்றைக்கும் செலவழித்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால், அந்தக் காசு நோயாளி கைக்குப் போகவில்லை. அவரை உள்ளே வைத்துக்கொண்டவர் கைக்குப் போனது.

1858-ல் பைத்தியக்கார விடுதிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் 'லோக்காக் தோட்டம்' என்ற பெரிய இடத்துக்கு விடுதி மாறியது. இன்றைக்கு அரசு மனநலக் காப்பகம் என்று நாம் சொல்லும் அதே இடம். 1912-ல் இன்னொரு சட்டம். இந்தச் சட்டங்களையெல்லாம் புரட்டினால், திரும்பத் திரும்ப ஒரே கவலைதான்: 'இந்த ஆள் ஆபத்தானவரா? இவரை எங்கே வைப்பது? இவர் சொத்தை யார் பார்த்துக்கொள்வது?' இவரால் என்ன முடியவில்லை, அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அதில் இல்லை.

அந்தக் கேள்வி எழ, முதலில் ஒரு மாத்திரை வர வேண்டியிருந்தது!

1952-ல் பாரிஸில் 'குளோர்புரோமசின்' என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பல வருஷங்களாகக் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் அடங்கினார்கள், பேசினார்கள், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். உலகம் முழுக்க விடுதிகளின் கதவுகள் மெள்ளத் திறக்க ஆரம்பித்தன. கீழ்ப்பாக்கத்தில் அந்தக் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1961-லிருந்து 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கினார்.

உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பலாம், சரி. வெளியே போய் என்ன செய்வார்கள்? குரல் நின்றுவிட்டது, ஆனால் வேலை இல்லை. அப்பா, அம்மாவுக்கு வயசாகிறது. கல்யாணமான தம்பி வீட்டில் இடமில்லை. மருந்து எழுதிக் கொடுப்பதோடு டாக்டர் வேலை முடிந்துவிடாது என்று அவருக்குப் புரிந்தது. ஓய்வுபெற்ற பிறகு, 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். மனநோயும் ஒரு ஊனம்தான், சட்டம் அதை ஏற்க வேண்டும் என்று குரல் கொடுத்த அமைப்புகளில் முக்கியமானது அது. 2021 டிசம்பரில், 98 வயதில் சாரதா மேனன் மறைந்தார்.

1995-ல் நாடாளுமன்றம் ஊனமுற்றோர் சட்டத்தை நிறைவேற்றியது. பார்வையின்மை, செவித்திறன் குறைபாடு, கை-கால் குறைபாடு இவற்றோடு, பட்டியலின் கடைசியில் 'மனநோய்' என்ற சொல்லும் இருந்தது. கொண்டாட வேண்டிய விஷயம்தானே? இருங்கள், அவசரப்படாதீர்கள்.

சலுகை வேண்டுமென்றால் குறைந்தது 40 சதவிகித ஊனம் என்று டாக்டர்கள் சான்று கொடுக்க வேண்டும். கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்துவிடலாம். கண்ணுக்கு எழுத்துப் பலகை இருக்கிறது. காதுக்கு மெஷின் இருக்கிறது. மனசுக்கு? ரத்தத்தில் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியாது. சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது, அளப்பதற்குத்தான் அரசாங்கம் ஏற்ற தராசு இல்லை!

இந்த இடைவெளியில்தான், 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகிப்போனார்கள். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

அடுத்த வருஷம், 2002-ல் அந்தத் தராசு வந்தது. பெயர் 'ஐடியாஸ்'. இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கிய அளவுகோல். இதிலும் சென்னையின் கை இருக்கிறது. ஸ்கார்ஃபின் டாக்டர் ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் 1988-லேயே மனநோயால் வரும் இயலாமையை அளக்க ஒரு முறையை உண்டாக்கிப் பார்த்திருந்தார்கள். ஐடியாஸிலும் தாராவின் பங்கு பெரிது.

இந்தத் தராசு எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும். ஏனென்றால், விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நான்கு கேள்விகள். ஒன்று, தன்னைத் தானே கவனித்துக்கொள்கிறாரா - குளியல், உடை, சாப்பாடு. இரண்டு, மனிதர்களோடு பழகுகிறாரா. மூன்று, சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் பேசுகிறாரா. நான்கு, வேலை - அது ஆபீஸாக இருக்கலாம், வீட்டு வேலையாக இருக்கலாம், படிப்பாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மார்க். சிரமமே இல்லை என்றால் பூஜ்யம், முழுக்க முடியவில்லை என்றால் நான்கு. பரீட்சைக்கு நேர் எதிர். இங்கே மார்க் கூடக்கூடக் கஷ்டம் அதிகம் என்று அர்த்தம். இதோடு, நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கு ஒன்றிலிருந்து நான்கு வரை மார்க். இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஒன்று, பத்து வருஷத்தைத் தாண்டினால் நான்கு. ஆகமொத்தம் இருபது. ஏழிலிருந்து பதிமூன்று வரை எடுத்தால் 40-லிருந்து 70 சதவிகிதம். ஏழுக்குக் கீழே போனால் 40-ஐத் தொடாது.

மயிலாப்பூரில் ஒரு வீட்டைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதுப் பிள்ளை, எட்டு வருஷமாக மனச்சிதைவு. அம்மா முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறார். காலையில் நாலு முறை எழுப்பி, ஷேவ் பண்ண வைத்து, நெற்றிக்கு விபூதி இட்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறார். டாக்டர் எதிரே ஜம்மென்று ஒரு இளைஞன். "குளிக்கிறாரா?" "குளிக்கிறான் டாக்டர்." "சாப்பிடுகிறாரா?" "நல்லாவே சாப்பிடுவான்." "யாரிடமாவது தகராறு?" "ஐயோ, தங்கமான பிள்ளை டாக்டர்!" நாம் எல்லோருமே பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசித்தானே பழக்கப்பட்டவர்கள்? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மார்க் போய்க்கொண்டிருப்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. 'நான் நாலு தடவை சொன்னால்தான் குளிப்பான். சொல்லாவிட்டால் பத்து நாளானாலும் அதே சட்டைதான்' என்பதுதான் உண்மை. டாக்டருக்கு வேண்டிய உண்மையும் அதுதான். பொய் சொல்லச் சொல்லவில்லை. மறைக்க வேண்டாம் என்கிறேன்.

பிள்ளையைத் தனியாகக் கேட்டாலோ இன்னும் மோசம். "எனக்கு ஒண்ணுமே இல்லை சார்" என்பான். நோய் இருப்பதே நோயாளிக்குத் தெரியாமல் போவது சைக்கோஸிஸின் ஒரு குணம். கால் இல்லாதவர் 'எனக்குக் கால் இருக்கிறது' என்று வாதாட மாட்டார். இவர் வாதாடுவார்! தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் வழக்கு இது. அதனால்தான் நோயாளியை மட்டுமின்றி, கூட இருந்து பார்த்துக்கொள்பவரையும் விசாரித்து, பழைய சிகிச்சைக் குறிப்புகளையும் பார்த்து மார்க் போடச் சொல்கிறது ஐடியாஸ்.

இன்னொரு சிக்கல். இந்த நோய் ஏறும், இறங்கும். 1981-82 வாக்கில் சென்னையில் முதன்முறையாக மனச்சிதைவு வந்த 90 பேரைத் தேர்ந்தெடுத்து, பல வருஷங்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்து, தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள். சந்தோஷமான செய்தி. ஆனால், நல்ல நாளில் பார்க்கும் டாக்டருக்கு மோசமான நாள் தெரியாதே? மாறக்கூடிய நிலை என்று டாக்டர்கள் கருதினால், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சான்று தருவார்கள். பிறகு மறுபடி போய் நிற்க வேண்டும்.

ஆக, சட்டம் நோயின் பெயரைக் கேட்பதில்லை, அது பறித்துக்கொண்டதைக் கேட்கிறது. இது நோயாளிக்கு எதிரான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி அது. 1988-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு. 'மனைவிக்கு ஸ்கிஸோஃப்ரினியா' என்றார் கணவர். நோயின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது முற்றியிருக்கிறதா என்று நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். சான்றிதழ் வாங்கினால் மகளின் தாலிக்கு ஆபத்து என்று பயப்படும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு. 2017-ன் மனநலச் சட்டமும், ஒருவருக்கு மனநோய் என்று கண்டறிந்ததாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது.

எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. 2013-ல் ஒரு ராணுவ வீரரின் வழக்கு. மனச்சிதைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊன பென்ஷன் கேட்டார். 'இந்த நோய் பணியால் வந்ததில்லை' என்று கையை விரித்தார்கள். மருத்துவ போர்டு சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல, மறுபடி பரிசோதியுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 2019-ல், அதே நோய் வந்த இன்னொரு வீரருக்கு பென்ஷன் கிடையாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளைச் சேர்க்கும்போது மனநோயைக் கண்டுபிடிப்பது கஷ்டம், வந்ததாலேயே பணிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது வாதம். சைக்கோஸிஸ் எங்கிருந்து முளைக்கிறது என்று விஞ்ஞானமே விரல் நீட்டிச் சொல்ல முடியாதபோது, அந்தச் சந்தேகத்தின் பாரத்தை யார் சுமப்பது? விடை இன்னும் முடிவாகவில்லை.

2016-ல் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. அரசு வேலை ஒதுக்கீட்டில் 1995-ல் மனநோய்க்கு இடமே இல்லை. பட்டியலில் பெயர் இருந்தும் பந்தியில் இலை போடவில்லை! 2016-ல்தான் மற்ற சிலரோடு பகிர்ந்துகொள்ளும்படி இலை கிடைத்தது. வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அரசு நிறுவனம் அவரை வெளியே அனுப்பவோ, பதவி இறக்கவோ கூடாது என்ற பாதுகாப்பு இரண்டு சட்டங்களிலுமே உண்டு. 2021-ல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவருக்கு 40-லிருந்து 70 சதவிகித மன ஊனம். அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நோய் காரணமாக நடந்ததற்கு இப்படி நடவடிக்கை எடுப்பது பாரபட்சம் என்றது.

இவ்வளவும் சொன்ன பிறகும், அடையாறிலோ மயிலாப்பூரிலோ இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதியின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எங்களுக்கப்புறம் இவனுக்கு யாரு?" அதற்கும் ஒரு பாதி பதில் இருக்கிறது. மத்திய அரசு பென்ஷன் விதிகளின்படி, மன அல்லது உடல் ஊனத்தால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு, 25 வயதுக்குப் பிறகும் ஆயுள் முழுக்கக் குடும்ப பென்ஷன் உண்டு. ஆனால், அதற்குக் காகிதம் வேண்டும். 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும்', 'ஊருக்குத் தெரிய வேண்டாம்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, பெற்றோர் போன பிறகு அண்ணனோ அத்தையோ ஆபீஸ் ஆபீஸாக அலையும்போது, பழைய டாக்டர் சீட்டு ஒன்றுகூட வீட்டில் இருக்காது.

அதனால், உங்கள் வீட்டிலோ எதிர்வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்த வருஷம் ஆரம்பித்தது, எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, எப்போது வேலை போனது, நேற்று எத்தனை தடவை சொன்ன பிறகு குளித்தார் - எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். பழைய சீட்டுகளை அதிலேயே சொருகி வையுங்கள். போர்டு முன்னால் உட்காரும்போது அவருக்காகப் பேசப்போவது அந்த நோட்டுப் புத்தகம்தான்.